கூட்டெரு பதம் வந்திட்டுதா எண்டு எப்பிடி அறியிறது? நாற்றுமேடைக்குக் கேக்கிறன்

நாற்றுமேடை (கோண்டாவில்)

எல்லாருக்கும் வணக்கம். மாரிப் பயிருக்கு மிளகாய், தக்காளி நாற்றுப் போடுறதுக்கெண்டு கூட்டெரு உரப்பைக் கணக்கில வேண்டினனான். நல்ல கறுப்பு, பொலபொலவெண்டு இருந்தது, கெட்ட மணம் ஒண்டும் இல்லை. செம்மண்ணோட பாதிக்குப் பாதி கலந்து மேடை போட்டன். விதை முளைச்சது. ஆனால் உண்மையான இலை விரிய முதலே கன்றெல்லாம் வெளிறி, வளராமல் நிண்டிட்டுது. பக்கத்து மேடைக்குப் பழைய மாட்டெரு போட்டது. அதே விதை, அதே கிணத்துத் தண்ணி. அது வடிவா நிக்குது.

வீட்டுக் கோடியில நானே போட்ட கும்பியும் ஒண்டு கிடக்கு: வைக்கல், கிளிசரியாக் குழை, சாணம், கொஞ்சம் கோழி எரு. சூடு இறங்கியிட்டுது. அதைப் பாவிக்க முதல், பதம் வந்திட்டுதா எண்டு சோதிச்சுப் பாக்க விருப்பம். வீட்டில வைச்சுச் செய்யக்கூடிய சோதனை என்ன இருக்கு?

உரும்பிராய்க் கமம்

தம்பி, முதல்ல நிறத்தை நம்பாதேங்கோ. உமிக்கரி கலந்தாலும் கறுப்பு, காத்துப் போகாமல் அழுகினாலும் கறுப்பு. நான் பாக்கிறது இதுதான்: கையில ஒரு பிடி எடுத்துப் பொத்தினால் உருண்டையா நிக்கோணும், பெருவிரலால தட்டினால் உடையோணும், தண்ணி வடியக் கூடாது. மணம் எண்டால் முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த மணம். வைக்கலை வைக்கல் எண்டு அடையாளம் தெரியக் கூடாது. ஊமல் (பனங்கொட்டை ஓடு), தும்பு, ஓலை ஈர்க்குக் கிடந்தால் பரவாயில்லை. அதை அரிதட்டில போட்டு எடுத்து அடுத்த கும்பிக்குப் போடலாம்.

எங்கட தோட்டத்தில வேற சோதனை ஒண்டும் செய்யிறேல்லை. வெங்காயம், பீற்றூட் எல்லாம் நல்லாத்தான் வருது.

பசுந்தாள் (ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்)

உரும்பிராய்த் தம்பி சொன்னவை கைப்பழக்கத்தில் வந்த நல்ல அடையாளங்கள். ஆனால் நாற்றுமேடையில் அவை மட்டும் போதா. கேள்வி கேட்டவரின் எருவும் கறுப்பு, பொலபொலப்பு, மணமில்லை. கன்று மட்டும் வளரவில்லை.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, எரு அடங்கிவிட்டதா என்பது. நுண்ணங்கிகளுக்கு எளிதில் தின்னக்கூடியது தீர்ந்து, அவற்றின் மூச்சும் சூடும் குறைந்த நிலை அது. மற்றது, எரு முதிர்ந்துவிட்டதா என்பது. அதாவது வேருக்கு ஊறு செய்யும் அமோனியாவும் அசற்றிக்கமிலம் போன்ற சேதன அமிலங்களும் நீங்கி, அமோனியம் பெரும்பாலும் நைத்திரேற்றாக மாறிய நிலை. அடங்காத எரு முதிர்ந்திருக்காது. அடங்கிய எரு எல்லாம் முதிர்ந்ததென்றும் சொல்ல முடியாது. சூடு ஆறிய பிறகும் ஒரு மாதமாவது, கூடுமானால் இன்னும் நீண்ட காலம், ஈரப்பதனோடு ஆறப்போட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கோண்டாவில் தம்பிக்கு ஒரு கேள்வி. வெளிறியது எந்த இலை? நமது மண் சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் மண், காரத்தன்மை கூடியது. இங்கே இரும்புக் குறைபாடும் சாதாரணமாக வரும். புதுக் குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. கீழிலை முதலில் வெளிறிக் கன்று முழுவதும் இளம்பச்சையானால் நைதரசன். இலை நுனி கருகினால் உப்பு. தண்டின் அடி மெலிந்து கன்று சாய்ந்தால் நாற்றழுகல் நோய். ஒரு கன்றைக் கிளப்பி வேர் நுனியையும் பாருங்கள். மண்ணிறமாகிக் கருகியிருந்தால் அமோனியாவையோ அமிலத்தையோ சந்தேகிக்கலாம்.

நாற்றுமேடை

ஐயா, கீழ கிடக்கிற வித்திலைதான் முதல் வெளிறினது. நுனி கருகேல்லை. வேர் வெள்ளையாத்தான் இருக்கு, ஆனால் கட்டை.

பசுந்தாள்

அப்படியானால் பெரும்பாலும் நைதரசன் பிடிபட்டிருக்கிறது. எருவுக்குள் இன்னும் உக்காத காபன் நிறைய இருந்தால், அதைத் தின்னும் நுண்ணங்கிகள் தங்கள் உடலைக் கட்ட மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். கன்றுக்கு மிச்சம் இராது. மரத்தூள் போட்ட எருவில் இது அடிக்கடி நடக்கும். மரத்தூளின் காபன்-நைதரசன் விகிதம் 300க்கும் மேலே போகும், வைக்கோல் 60 முதல் 80 வரை, சாணம் 20 அளவில், கோழி எரு 10 அளவில். கும்பி போடும்போது கலவை 25 முதல் 30க்குள் நின்றால் நல்லது. மரத்தூள் ஈரத்தில் கறுத்துப்போனால் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

வேண்டிய எருவில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். தண்ணீர் சிவந்தால் செம்மண் கலந்திருக்கிறது. மேலே மிதப்பதை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். மரத்தூள் நசியாது.

உரும்பிராய்க் கமம்

மண் கலப்படத்துக்கு நிறையையும் பாக்கலாம் ஐயா. 10 லீற்றர் வாளி நிறைய நல்ல கூட்டெரு 5, 6 கிலோவில நிக்கும், ஈரம் கூடினால் 7. அதே வாளி 10 கிலோவைத் தாண்டினால் நீங்கள் மண்ணுக்குத்தான் காசு குடுத்திருக்கிறியள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டி நவம்பரில திரும்ப விட்டவை. அந்த இடைக்காலத்தில கண்டதெல்லாம் பையில கட்டி விலைப்பட்டது. அதிலயிருந்துதான் நான் வாளியில நிறுக்கிறனான்.

ரொறன்ரோக் கொல்லை

இந்தப் பக்கம் எருவின்ர சூட்டை அளக்க ஒரு முறை வைச்சிருக்கினம். ஜேர்மனியில இருந்து வந்தது. வாய் அகலமான, ஒண்டரை அல்லது இரண்டு லீற்றர் வெற்றிடக் குடுவையில ஈரம் சரிபண்ணின எருவைத் தளர்வா நிரப்பி, வெப்பமானியை உள்ளுக்கு விட்டு, மூடாமல் வைக்கிறது. அறை வெப்பநிலையை விட 10 பாகைக்குள்ள ஏறினால் முழுதா அடங்கினது. 20க்கு மேல போனால் இன்னும் வேலை கிடக்கு. 40ஐத் தாண்டினால் அது பச்சைக் குப்பை. உச்சத்துக்கு வர ரெண்டு மூண்டு நாளும் எடுக்கும், சில வேளை ஒரு கிழமையும் எடுக்கும்.

ஊரில ஆய்வுகூடக் குடுவை தேவையில்லை, சோறு கொண்டு போற அகல வாய்ப் பிளாஸ்க் காணும். எண் கொஞ்சம் முன்ன பின்ன வந்தாலும் அடங்கினதுக்கும் அடங்காததுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சொல்விற்றா எண்டொரு பெட்டியும் விக்கினம். போத்தலுக்குள்ள எருவோட ரெண்டு நிற அட்டையை வைச்சால், ஒண்டு காபனீரொட்சைட்டையும் மற்றது அமோனியாவையும் காட்டும். விலை கூட.

நாற்றுமேடை

அண்ணை, என்ர கும்பி ஏற்கெனவே ஆறித்தானே கிடக்கு? பிறகேன் சூடு பாக்கிறது?

பசுந்தாள்

இந்த இழையில் இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கும்பி ஆறுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தின்னத்தக்கது தீர்ந்திருக்கலாம், காற்று இல்லாமல் போயிருக்கலாம், ஈரம் இல்லாமல் போயிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மூன்றாவதுதான் மிகுதி. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை காற்றும் வெயிலும் கும்பியைக் காயவைத்துவிடும். ஈரம் 40 வீதத்திற்குக் கீழே போனால் நுண்ணங்கிகளின் வேலை தளரும், இன்னும் காய்ந்தால் நின்றுவிடும். எரு பொலபொலவென்று, மணமில்லாமல், குளிர்ந்து இருக்கும். பார்ப்பவர் பதம் வந்துவிட்டது என்பார். நாற்றுமேடையில் போட்டு நாள்தோறும் தண்ணீர் விட்டதும் உக்கல் மறுபடி தொடங்கும், இம்முறை உங்கள் கன்றின் வேரடியில். வேண்டிய பையிலும் இதுவே நடந்திருக்கலாம்.

கும்பி சிறிதாக இருந்தாலும் சூடு நிற்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றராவது இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும்.

ஆகவே முதற் சோதனை இது. கும்பியை வெட்டிப் புரட்டி, பொத்திய கையில் துளி கசியும் அளவுக்கு நனையுங்கள். ஒரு அலவாங்கை நடுவில் குத்தி விடுங்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் இழுத்துத் தொட்டுப் பாருங்கள். அலவாங்கு சுட்டால் கும்பி இன்னும் உயிர்ப்பாக வேலை செய்கிறது என்று பொருள்.

வேலணைப் பிள்ளை

ஐயா, எங்கட பக்கம் வேற பிரச்சினை. கரையில ஒதுங்கிற சாதாழையை அள்ளிக் கும்பிக்குப் போடுறம், கிணத்துத் தண்ணியும் சவர். எரு நல்லா உக்கி மண் மாதிரி வருது, ஆனால் அதில போட்ட போஞ்சி சரியா வரேல்லை. பீற்றூட் வந்தது.

ஆய்வுகூடத்து மேசை

அக்கா, நீங்கள் குடுத்த பயிர்ப் பேரே விடையைச் சொல்லுது. மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். மண்ணைத் தண்ணீரில் பசையாகக் குழைத்து எடுக்கிற நிறைபசைக் கரைசலில் அது மீற்றருக்கு 1.0 டெசிசீமென் தாண்டின உடனே போஞ்சியின் விளைச்சல் விழத் தொடங்கும். கரட்டும் அப்படித்தான். வெங்காயத்துக்கு 1.2. பீற்றூட் 4.0 வரை தாங்கும். உங்கள் எரு முதிர்ந்திருக்கும், உப்புத்தான் கூட. எவ்வளவு காலம் உக்கினாலும் உப்பு உக்காது. உக்க உக்கக் கும்பி சுருங்கிறதால அதே உப்பு இன்னும் செறியும்.

சாதாழையை முதலில் மாரி மழையில் விரித்துக் கழுவப்பட விட்டு, பிறகு கும்பிக்குச் சேருங்கள். கும்பியை நனைக்கச் சேமித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள். கையடக்க மானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவனம்: ஒரு பங்கு எருவும் ஐந்து பங்கு தண்ணீரும் கலந்து எடுத்த எண், நிறைபசை எண்ணை விடக் குறைவாக வரும். மேலே நான் சொன்ன அளவுகளோட அதை நேரா ஒப்பிடக் கூடாது. ஒரே முறையில் அளந்து, நல்லதென்று தெரிந்த எருவோட ஒப்பிடுங்கள்.

இலங்கைத் தரநிர்ணயத்தில் 2003 இல் வந்த எஸ்எல்எஸ் 1246 கூட்டெருவுக்கானதாக இருந்தது. அதில் காபன்-நைதரசன் விகிதம் 10 முதல் 25, பீஎச் (அமில, கார அளவு) 6.5 முதல் 8.5, நைதரசன் ஆகக் குறைந்தது 1 வீதம் என்று இருந்தது. ஆனால் விகிதத்தை மட்டும் வைத்து முதிர்ச்சியைத் தீர்மானிக்காதீர்கள். கோழி எரு கூடப் போட்ட கும்பி முதல் நாளிலேயே அந்த எல்லைக்குள் நிற்கும், அன்றைக்கு அதில் நட்டால் கன்று கருகும். ஊமல் துண்டு கிடக்கிற நல்ல எருவோ எல்லைக்கு வெளியே காட்டும். பல எருக்களை அளந்து பார்த்த எனக்கு அமோனியமும் நைத்திரேற்றும்தான் நம்பிக்கை. நைத்திரேற்று மிஞ்சி நின்றால் எரு கனிந்திருக்கிறது.

ரொறன்ரோக் கொல்லை

அமோனியா, நைத்திரேற்று ரெண்டுக்கும் மீன்தொட்டிக்கு விக்கிற சோதனைப் பெட்டி இருக்கு. எருவைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில கரைச்சு, கோப்பி வடிதாளில வடிச்சுப் பாக்கலாம். கரைசல் தேத்தண்ணி நிறத்தில இருந்தால் நிறம் மட்டுப்பிடிக்கிறது கஷ்டம், இன்னும் தண்ணி விட்டு ஐதாக்குங்கோ.

செம்பாட்டான்

எல்லாரும் கோபிக்காமல் கேளுங்கோ. எங்கட அப்பு ஆக்கள் பூவரசங்குழையையும் பனையோலையையும் பச்சையாயே தாட்டுத்தான் புகையிலை செய்தவை. மாட்டுப்பட்டி, ஆட்டுப்பட்டி அடைச்சு அந்த எருவைப் புதுசாயே உழுதவை. ஆரும் முதிர்ச்சி பாக்கேல்லை. அந்த மண்ணில விளைஞ்சதைச் சாப்பிட்டுத்தான் நாங்கள் வளந்தது. இப்ப என்னத்துக்கு இவ்வளவு சோதனை?

பசுந்தாள்

கோபம் எதற்கு? நல்ல கேள்வி. அவர்கள் குழையைத் தாட்ட உடனே கன்று வைக்கவில்லை. குழை தாட்டு, மண் மூடி, ஈரத்தில் ஆறவிட்டு, அதன் பிறகே நட்டார்கள். பட்டி அடைத்த தறையையும் உழுது விட்டு வைத்தார்கள். கும்பியில் நடக்க வேண்டியதை மண்ணுக்குள் நடக்க விட்டார்கள். இன்னொன்று, அவர்கள் நட்டது வளர்ந்த நாற்று. அந்த நாற்றை வளர்க்கப் பழைய, நன்றாக உக்கிய எருவைத் தனியாக வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எருவின் பதம் எந்தப் பயிருக்கு, எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நாற்றுமேடைக்கும் சாடிக்கும் கரட் விதைக்கும் முழுதாக முதிர்ந்தது வேண்டும். கத்தரி, மிளகாய்க் குழிக்கு அரைப்பதமானதை நடுவதற்கு மூன்று, நான்கு கிழமைக்கு முன் போடலாம். நீர்வேலிப் பக்கத்து வாழைக்காரர் பச்சை எருவையே கன்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டிப் போடலாம், வாழை தாங்கும்.

காரமண்ணில் ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. பீஎச் ஏற ஏற அமோனியத்தில் கூடிய பங்கு அமோனியா வாயுவாக மாறும். அமிலத்தன்மையான மலைநாட்டு மண் பொறுத்துக்கொள்ளும் இளம் எருவை நமது செம்மண் பொறுக்காது. நைதரசனும் காற்றோடு போகும்.

செம்பாட்டான்

விளங்குது ஐயா. நாற்று மேடைக்கு அம்மா பழைய எருக்கிடங்கின்ர அடியில இருந்துதான் கடகத்தில அள்ளினவ எண்டு இப்ப அக்கா சொல்லுறா.

நாற்றுமேடை

விதைச் சோதனை எண்டு ஒண்டு கேள்விப்பட்டனான். பயறு போட்டுப் பாத்தன், ரெண்டு எருவிலயும் ஒரே மாதிரி முளைச்சிட்டுது.

ஆய்வுகூடத்து மேசை

பயறு வேண்டாம் தம்பி. பெரிய விதை, முதல் சில நாளைக்குத் தன் சாப்பாட்டிலேயே வளரும், எருவின் குணத்தைக் காட்டாது. முள்ளங்கி எடுங்கள். தக்காளியும் சரி, ஆனால் முளைக்க நாள் எடுக்கும். இந்த முறையை இத்தாலியில் சுக்கோனியும் கூட்டாளிகளும் 1981 இல் வெளியிட்டார்கள். அவர்கள் பாவித்ததும் கடுகுக் குடும்பத்துச் சின்ன விதைதான்.

ஒரு பங்கு எருவைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்து, சில மணித்தியாலம் வைத்து, துணியில் வடியுங்கள். ஒரு தட்டில் ரிசுக் கடதாசி விரித்து அந்தக் கரைசலால் நனைத்து 20 விதை. இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர், 20 விதை. இரண்டுக்கும் ஒரே தண்ணீர் இருக்க வேண்டும். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதுக்குப் போத்தல் தண்ணீர் என்றால் உங்கள் கிணற்றைத்தான் சோதிக்கிறீர்கள். மூடி, நிழலில் வைத்து, ஐந்தாம் நாள் முளைத்ததை எண்ணி வேரை அளவுகோலால் அளவுங்கள்.

எருத் தட்டில் 18 முளைத்துச் சராசரி வேர் 3 சென்ரிமீற்றர், தண்ணீர்த் தட்டில் 20 முளைத்து வேர் 4 சென்ரிமீற்றர் என்று வைப்போம். முளைப்பு 90 வீதம், வேர் 75 வீதம். இரண்டையும் பெருக்கினால் 67.5 வீதம். 80க்கு மேல் வந்தால்தான் நாற்றுமேடைக்கு விடலாம். முளைப்பை மட்டும் எண்ணுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நஞ்சு முதலில் வேரின் நீளத்தைத்தான் குறைக்கும்.

நைதரசன் பிடிபடுவதை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மண்ணோடு கலந்து சாடியில் போட்டு இரண்டு, மூன்று கிழமை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உரும்பிராய்க் கமம்

புகையிலைத் தண்டு போட்ட கும்பியைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. இஞ்சை புகையிலை வெட்டின பிறகு கட்டை நிறையக் கிடக்கும். அதைக் கும்பிக்குப் போடலாமா ஐயா?

பசுந்தாள்

மிளகாய், தக்காளி நாற்றுக்கான கும்பியில் போட வேண்டாம். புகையிலை மொசைக் வைரஸ் மிகவும் வைரமானது, கும்பியின் சூட்டைத் தாங்கித் தப்பக்கூடியது. அந்த வைரஸ் தக்காளியையும் மிளகாயையும் தொற்றும். மேலே சொன்ன எந்த முதிர்ச்சிச் சோதனையும் அதைக் காட்டாது, முள்ளங்கி அழகாக முளைக்கும். அந்த எருவை வாழைக்கும் தென்னைக்கும் ஒதுக்குங்கள்.

பொதுவான நோய்க் கிருமிக்கும் களை விதைக்கும் சூடு வேண்டும். அமெரிக்க விதியில் வரிசைக் கும்பிகள் 55 பாகையில் 15 நாட்கள் நின்று, அதற்குள் ஐந்து தரம் புரட்டப்பட வேண்டும். புரட்டாவிட்டால் ஓரத்திலுள்ளவை சூடு காணாமலே தப்பிவிடும்.

வேலணைப் பிள்ளை

மண்புழு வந்தால் பதம் எண்டு எங்கட பக்கம் சொல்லுவினம். சரியோ?

பசுந்தாள்

சூடும் அமோனியாவும் போனதற்கு நல்ல அடையாளம், பிள்ளை. ஆனால் புழு அரைப்பதத்திலேயே வரும், அங்கே அதற்குத் தீன் இருக்கிறது. தீன் தீர்ந்ததும் அதுவே விட்டுப் போய்விடும்.

நாற்றுமேடை

செய்து பாத்ததைச் சொல்லுறன். கும்பியை நனைச்சுப் புரட்டி அலவாங்கு குத்தினன். மூண்டாம் நாள் பிடிக்க ஏலாத சூடு. அதிலயே ஒரு பிடியை ஈரத்தோட பொலித்தீன் பையில காத்தில்லாமல் இறுக்கிக் கட்டி வைச்சு ஒரு கிழமையால திறக்க, புளிச்ச மணத்தோட அமோனியாவும் மூக்கில அடிச்சுது.

வேண்டின பையைப் போத்தலில குலுக்கினால் தண்ணி சிவந்திட்டுது. மேல மிதந்ததில பாதி நசியேல்லை, மரத்தூள்தான். முள்ளங்கிச் சோதனையில கும்பி எரு 50 வீதத்துக்குக் கிட்ட, பை எரு 80ஐத் தாண்டியிட்டுது. அப்ப பை எருவில நஞ்சு இல்லை, நைதரசனைத்தான் பிடிச்சு வைச்சிருக்கு எண்டு விளங்கிறன். சரியோ ஐயா? இனி ரெண்டையும் என்ன செய்யிறது?

பசுந்தாள்

சரியாகவே விளங்கியிருக்கிறீர்கள். பை எருவை வீச வேண்டாம். மாமரத்தடிக்கும் வாழைக்கும் மேலே பரப்புங்கள், மண்ணோடு கிளறாதீர்கள். மேலே கிடந்தால் நைதரசனைப் பிடிக்கும் வேலை மேற்பரப்போடு நின்றுவிடும், ஈரமும் காக்கும். அல்லது கோழி எருவும் கிளிசரியாக் குழையும் சேர்த்துப் புதுக் கும்பிக்கு மூலப்பொருளாகப் போடலாம். நிற்கிற நாற்றுக்கு ஐதான மாட்டுச் சலம், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பச்சை திரும்பும்.

உங்கள் கும்பி நல்ல கும்பி, காய்ந்துதான் நின்றுபோனது. கிழமைக்கு ஒரு தரம் புரட்டி, ஈரம் பார்த்து, நனைத்துப் புரட்டியும் சூடு ஏறாத நிலை வந்த பிறகு ஒரு மாதம் ஆறப்போடுங்கள். திரும்ப முள்ளங்கி போட்டுப் பாருங்கள்.

ஆய்வுகூடத்து மேசை

கும்பி கிணற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும் தம்பி. முதிர முதிர நைத்திரேற்று கூடும், மாரி மழை அதைக் கழுவி இறக்கும். கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல், நேரே நிலத்தடி நீருக்குத்தான் போகும். தோட்டம் செறிந்த இடங்களில் ஏற்கெனவே பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீர் அளவைத் தாண்டித்தான் இருக்கு.

உரும்பிராய்க் கமம்

அப்ப மழைக்கு முதல் கும்பிக்கு மேல கிடுகு மேஞ்சு விடுங்கோ. பொலித்தீன் போட்டு மூடினால் உள்ளுக்கு அவிஞ்சு அழுகும். நாலு பக்கமும் காத்துப் போக விட்டு, மேல மட்டும் கூரை மாதிரிச் சரிவாப் போட்டால் காணும். இந்த முறை நாற்றுக்குப் பக்கத்து மேடைக்குப் போட்ட அதே பழைய மாட்டெருவையே பாவியுங்கோ, தம்பி. உங்களிட்ட காணாட்டிச் சொல்லுங்கோ, என்னட்ட ரெண்டு உரப்பை கிடக்கு. வந்து ஏத்திக்கொண்டு போகலாம்.